விசில் அக்கா இறங்கி வந்த விதம்

வலி எங்கே என்று கேட்டால் பெரும்பாலான நோயாளிகள் உடம்பு முழுக்கக் கையை வீசிக் காட்டுவார்கள். விசில் அக்கா அப்படியில்லை. "இங்க சிஸ்டர். கணுக்காலுக்கு நாலு விரல் மேல, உள்பக்கம். அதுக்குக் கீழ வலி இல்ல, இறுக்கம்தான்" என்றாள். முப்பது வருடம் மலையில் வழி சொன்ன வாய்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பாதுகாக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறைப் பூங்காவில் வனக்காவலர். அங்கே மூன்று சிகரங்கள். மழைநீர் அறுத்து அறுத்து, பாறை முழுக்க ரம்பப் பல் மாதிரி நிற்கும். கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். எவ்வளவு மழை பெய்தாலும் மேலே ஒரு குட்டைகூட நிற்காது. பாறையே குடித்துவிடும். அந்தத் தண்ணீர் உள்ளே போய்ப் போய்ப் பொந்தும் இடுக்குமாகக் குடைந்து வைத்திருக்கும். மேலே சருகு மூடியிருந்தால் தரை போலத் தெரியும்.

தினமும் ஒரு சிகரம் ஏறி, வழிக்குறிகளைப் பார்த்து, உச்சியில் இரும்புப் பெட்டிக்குள், ஏறியவர்கள் பெயர் எழுத வைத்திருக்கும் நோட்டில் பேனா தீர்ந்திருந்தால் வேறு வைத்து, வழிதவறியவர்களை விசிலடித்துத் திருப்பிக் கூட்டி வருவது அவள் வேலை. பெயர் அதனால் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் அடிவாரத்தோட மூச்சு வாங்கிட்டுத் திரும்பிட்டாங்க சிஸ்டர்" என்றாள். இந்தப் பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்தப் பூங்காவில் ஒரு முறை உண்டு. ஏறப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் வாசலில் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் அதைப் பலகையில் அதனதன் கொக்கியில் மாட்ட வேண்டும். மாலையில் ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஆள் மேலே இருக்கிறார் என்று பொருள். உடனே தேடக் கிளம்புவார்கள். காவலர்களுக்கு வில்லை கிடையாது. சில வருடங்களுக்கு முன் அலுவலகம் அவர்களுக்கும் கொடுக்கலாம் என்றபோது, கூட்டத்தில் எழுந்து மறுத்தவள் இவள்தான். "நாங்க என்ன விருந்தாளிங்களா? எண்ணுறவங்களையே எண்ணுவீங்களா?" என்று கேட்டாளாம். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாலை நடுச் சிகரத்திலிருந்து திரும்பும்போது சருகு மூடிய இடுக்கில் கால் இறங்கியது. உடம்பு முன்னால் விழ, கால் உள்ளேயே நின்றுவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டது என்றாள். அந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது. விசிலடித்தாள். அதற்குள் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வாசலில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் கேட்காரர் பலகையைப் பார்த்தார். ஒரு கொக்கியும் காலியில்லை. நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் செவ்வாய், பூங்காவுக்கு வார விடுமுறை.

அவளைத் தேட வேண்டியவர்கள் யார் யார் என்று நான் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். தம்பி வெளியூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வான். கீழ்வீட்டம்மா பால் பாக்கெட் வாசலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். "கெட்டுப்போயிடுமேன்னு எடுத்து டீ போட்டுட்டேன். அடுத்த நாளும் கெடந்துச்சு, அதையும் போட்டுட்டேன்" என்று என்னிடமே சொன்னாள். தப்பு சொல்ல முடியாது. பால் கெட்டுத்தான் போயிருக்கும்.

புதன்கிழமை காலை வேறொரு சிகரத்தில் முதலில் ஏறியவர் உச்சியிலிருந்து இறங்கி வந்து, நோட்டில் எழுதப் பேனா எழுதவில்லை என்று கேட்காரரிடம் சண்டை பிடித்தார். "அக்கா வரட்டும், சொல்றேன்" என்று கேட்காரர் சமாதானம் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அக்காவைத் திங்கட்கிழமை காலைக்குப் பிறகு பார்க்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு மணி நேரம் அவள் அங்கே கிடந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் அளந்து குடித்ததால் பிழைத்தாள்.

மருத்துவமனையில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ளத் தம்பி என்னை ஏற்பாடு செய்தான். மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி இல்லாததால் முதல் வாரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் கட்டுப் பிரித்தேன். பிறகு கீழ்வீட்டிலிருந்து ஒரு முக்காலி வாங்கி வந்து போட்டேன். அந்த அறைக்கு என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை. கேட்காரர் மட்டும் ஒருமுறை வந்து, நின்றபடியே அழுதுவிட்டுப் போனார்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடிபட்டதிலிருந்து ஐந்தாம் மாதம் ரேஞ்சரோடு நடுச் சிகரம் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் ஓய்வு பெறும்வரை டிக்கெட் ஜன்னல்.

"நாலு வருஷம் இருக்கு சிஸ்டர். ஜன்னலுக்குள்ள உக்காந்து நாலு வருஷம் ஜனங்க கையை மட்டும் பாத்துட்டு இருக்க என்னால ஆகாது."

"அப்ப துண்டை எடு" என்றேன்.

துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். அதுதான் பயிற்சி. காலையில் இருபது முறை, மாலையில் இருபது. அவள் நாற்பது நாற்பது செய்தாள். தொடை நன்றாகத் தேறியது. கணுக்கால்தான் முன்பக்கம் மடங்க மறுத்தது. ஏறுவதற்குத் தொடை போதும். இறங்குவதற்குக் கணுக்கால் மடங்க வேண்டும். நான் அதை அவளிடம் மறைக்கவில்லை.

"இன்னும் ரெண்டு விரல் அளவு மடங்கணும். இல்லன்னா எறக்கத்துல கால் தாங்காது."

"மடங்கும்."

"மடங்கலாம். மடங்காமயும் போகலாம்."

"நீங்க ஆறுதல் சொல்றதுல பெரிய ஆளு சிஸ்டர்."

"அதுக்கு வேற ஆளு வச்சுக்கோ. நான் காலுக்கு மட்டும்தான்."

சோதனை நாளன்று நானும் வாசல்வரை போனேன். அலுவலகம் இப்போது காவலர்களுக்கும் கொக்கி அடித்திருந்தது. கேட்காரர் ஒரு வில்லையை நீட்டினார். அவள் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மேலே நடந்ததை அவளும் ரேஞ்சரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரே ஓர் இடம் தவிர இரண்டும் ஒத்துப்போயின.

ஏறும்போது அவள்தான் முன்னால். ரேஞ்சருக்கு நாற்பது வயது, வயதுக்கு மீறிய தொப்பை. பாதி வழியில், "அக்கா, கொஞ்சம் நில்லுங்க. டெஸ்ட் உங்களுக்கா எனக்கா?" என்று கெஞ்சினாராம். உச்சியில் அவள் பெட்டியைத் திறந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். இறங்கும்போது ரேஞ்சர் முன்னால் போனார். செங்குத்தான படிப்பாறை ஒன்று உண்டு, ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு. அவர் அதைத் தாண்டி வளைவில் மறைந்தபோது அவளுடைய கால் மூன்றாவது அடியில் மடங்காமல் நின்றது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்துக் கீழே வந்தாள். ரேஞ்சர் பார்க்கவில்லை.

வாசலில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரேஞ்சர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்கக்கா. தகுதின்னு போட்டுடறேன்."

"சார், படிப்பாறையில நான் நடந்து வரல. உக்காந்து வந்தேன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "அதை யாரு பாத்தா?"

"நான் பாத்தேனே."

"அக்கா, எதுக்கு இதெல்லாம்? நாள்பட நாள்பட சரியாயிடும்."

"நாளைக்கு ஒருத்தர் அங்க கால ஒடிச்சிட்டுக் கெடந்தா நான் அவரைத் தோள்ல தாங்கிக் கொண்டு வருவேனா, இல்ல பக்கத்துல உக்காந்து கதை பேசிட்டு இருப்பேனா? ஏறுவா, இறங்க மாட்டான்னு எழுதுங்க."

"அப்படி எழுதக் கட்டம் இல்லக்கா. தகுதி, தகுதியில்ல, ரெண்டே ரெண்டுதான்."

"அப்ப ரெண்டாவது."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. காலைப் பற்றி அவள் சொன்னது சரி. அவர் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார். அவள் வில்லையைத் தானே போய்ப் பலகையில் மாட்டிவிட்டு வந்தாள். கால்சட்டையின் பின்புறம் சுண்ணாம்புத் தூளாக வெள்ளையாக இருந்தது. தட்டிவிடச் சொன்னேன். அப்புறம் பார்த்துக்கலாம் என்றாள்.

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டு வாசலில், "மேல வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க சிஸ்டர்" என்றாள். நான்கு மணிக்கு வேறொரு வீட்டில், பக்கவாதம் வந்த ஒருவரைப் படுக்கையில் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் முதுகில் புண் வரும். "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

அங்கிருந்து அவள் வீட்டின் வெளிப்படிக்கட்டு தெரியும். கைப்பிடியைத் தொடாமலே விறுவிறுவென்று ஏறினாள். கதவருகே பையை வைத்தாள். பூட்டைத் திறக்கவில்லை. திரும்பி நின்று, அடிபட்ட காலை ஒரு படி கீழே வைத்தாள். நின்றாள். கணுக்காலைப் பார்த்தாள். அடுத்த படி.

கீழ்வீட்டம்மா வெளியே தலையை நீட்டி ஏதோ கேட்டாள். மறந்து எதையாவது விட்டுவிட்டாயா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். விசில் அக்கா இல்லை என்று தலையசைத்தாள். கீழ்வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். என் பஸ் வருவதற்குள் விசில் அக்கா ஐந்து படி இறங்கியிருந்தாள்.