ஓசெல்லா அக்கா போட்ட வெள்ளைக்காரி வேஷம்

ஓசெல்லா அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிவதில்லை. பெற்ற பெண்ணை அவளைப் போல் வதைத்தவளையும் நான் பார்த்ததில்லை, பெண்ணுக்காக அவளைப் போல் துடித்தவளையும் பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே அறையில், என் கண் முன்னால்தான் செய்தாள். எதை எதற்காகச் செய்தாள் என்று அன்றைக்கும் குழம்பினேன், இன்றைக்கும் குழம்புகிறேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் எங்கள் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம். நான் வெண்டெல், கறுப்பர்களை அடக்கம் செய்யும் நிறுவனத்தில் சவவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கார முதலாளி எவனும் என் பிழைப்பில் கை வைக்க முடியாது, செத்தவர்களும் என்னை வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எங்கள் சபைப் போதகர் போராட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலை என்னிடம் கொடுத்தார்.

கடைவீதியில் ஒரு மருந்துக்கடை இருந்தது. சோப்பும் பற்பசையும் எங்களுக்கு விற்பார்கள், ஆனால் அதே கடையின் காபி மேடை முன்னால் இருக்கும் நாற்காலிகளில் நாங்கள் உட்காரக் கூடாது. போய் வரிசையாக உட்கார்ந்து மரியாதையாகக் காபி கேட்பது, என்ன செய்தாலும் எழுந்திருக்காமல் இருப்பது, கைது செய்தால் சிறைக்குப் போவது, இதுதான் திட்டம். போகிறவர்கள் முதலில் எங்கள் சபைக் கோயிலின் நிலவறையில் பயிற்சி எடுக்க வேண்டும். பாதிப் பேர் அங்கே மேடை போலப் போட்ட மேசை முன்னால் உட்காருவார்கள், மற்றவர்கள் வெள்ளைக்காரர்களாகி அவர்களைத் திட்டுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள், தலையில் சர்க்கரையைக் கொட்டுவார்கள். பதில் பேசியவர், அழுதவர், கையைத் தூக்கியவர் பெயரை நான் பட்டியலில் அடித்துவிடுவேன். அதில் தயவு தாட்சண்யம் பார்க்காதவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இரண்டாம் நாளே ஓசெல்லா அக்கா என்னைத் தேடி வந்தாள். நாற்பத்திரண்டு வயது, கணவனை இழந்தவள். பருத்திக் காட்டில் பிறந்து, பதினாறு வயதில் ஊருக்குள் வந்து, பத்தொன்பது வருஷமாக ஹார்கம் சீமாட்டி வீட்டில் சமைப்பவள். அந்த வீட்டைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கல்லூரியில் படிக்கும் அவளுடைய ஒரே மகள் லவோனியாவின் பெயர் பட்டியலில் நான்காவதாக இருந்தது.

"வெண்டெல், எம்பொண்ணு பேரை அடிச்சிடு."

"அவளே வந்து சொன்னா அடிக்கிறேன்க்கா. இல்லேன்னா பயிற்சியில தோக்கணும். அதான் சட்டம்."

"பக்கத்து ஊர்ல ஒரு பையன் முதுகுல சிகரெட்டை வச்சு அணைச்சானுங்களாம். இவ முதுகு உனக்கு என்ன ஆஷ்டிரேயா?"

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

"பொணவண்டி ஓட்டுறவன் சட்டம் பேசுறான் பாரு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகிறவள் கதவருகே நின்றாள். "சரி, தோத்தா அடிப்பேல்ல? அப்ப வெள்ளைக்காரி வேஷத்தை எனக்குக் குடு."

எங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஜனத்துக்கு அந்த வேஷம் சுத்தமாக வரவில்லை. ஒரு சபை மூப்பர் ஒவ்வொரு முறை முடியை இழுத்ததும் "மன்னிச்சுக்கம்மா, வலிச்சிதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதற்காகக் கேட்கிறாள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அது தப்பா சரியா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அவள் கத்தவே இல்லை. மெல்லிய குரலில், இனிக்க இனிக்கப் பேசினாள்.

"கை கழுவினியா கண்ணு? எங்க, காட்டு. பின்பக்கம் திருப்பு. கழுவியுமா இந்த நெறம்?"

முதல் நாள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. "நீ வாய் வச்ச கப்பை நான் கழுவ மாட்டேன் கண்ணு, உடைச்சுப் போட்டுடுவேன்" என்று ஒரு பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் விசும்பியதும் அவள் பெயரை அடித்தேன். முஷ்டியை மடக்கிய ஒரு பையன் பெயரையும் அடித்தேன். லவோனியா மட்டும் அசையவில்லை. "ஒரு காபி தர முடியுங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடைசிப் பயிற்சி. ஓசெல்லா அக்கா மற்றவர்களை விட்டுவிட்டு மகளின் பின்னால் போய் நின்றாள். சர்க்கரையைக் கொட்டினாள். முடியைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையாததைப் பார்த்து, காதருகே குனிந்தாள்.

"புருஷனைப் பொதைச்சிட்டியா? சரி, அழுது முடிச்சுட்டு கேக்கைப் போடு, சாயந்தரம் விருந்தாளி வர்றாங்க. உங்க ஜனத்துக்கு இன்னொருத்தன் கிடைக்க எத்தனை நாளாகும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் புருஷன் ராஸ்கோவை என் வண்டியில்தான் கொண்டுபோனோம். அடக்கம் முடிந்த கையோடு அவள் எட்டு வயது மகளை என்னோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஊரே அவளைக் கல்நெஞ்சக்காரி என்றது, நானும்தான் சொன்னேன். லவோனியாவின் தோள் நடுங்கியது. பாய்ந்து போய் அக்காவின் கையை முறுக்கிப் பிடித்தேன்.

"போதும்! வாயை மூடு!"

லவோனியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு காபி தர முடியுங்களா?" என்றாள்.

ஓசெல்லா அக்கா என்னைப் பார்த்தாள். "கையைத் தூக்கிட்டியேப்பா. சட்டம் என்னாச்சு?"

பென்சிலை எடுத்து என் பெயரை நானே அடித்தேன். வெட்கமாக இருந்தது. லவோனியா தாங்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை லவோனியா போனாள். ஐந்து நாள் சிறை. கைதானவர்களின் பெயரையும் விலாசத்தையும் பத்திரிகை வெளியிட்டது. ஹார்கம் சீமாட்டி பத்திரிகையை மேசையில் விரித்து, "இது உன் பொண்ணா?" என்று கேட்டாளாம். ஓசெல்லா அக்கா "ஆமா" என்றாளாம். அதற்குப் பிறகு சீமாட்டி போகச் சொன்னாளா, இவளே சமையல் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாளா என்பதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வாள்.

விடுதலையான மகளை என் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புருவத்தில் தையல். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பொரித்த மீனும் சோளரொட்டியும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

"ரொம்ப அடிச்சானுங்களாடி?" என்று ஓசெல்லா அக்கா கடைசியில் கேட்டாள்.

"அடிச்சாங்க. பேசவும் பேசினாங்க. உன் அளவுக்கு ஒருத்தருக்கும் வரலம்மா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அது பாராட்டா பழியா என்று எனக்கு விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கியிருக்காது.

லவோனியா ரொட்டியைப் பிய்த்தபடி, "எனக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாங்க, தோள் இடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. அப்பாவைப் பொதைச்ச அன்னைக்கு அந்த ஹார்கம் அம்மா உன்கிட்ட அதைச் சொன்னப்ப உன் பக்கத்துல யாரும்மா இருந்தா?" என்றாள்.

"யாரும் இல்லடி."

பிறகு யாரும் சாப்பிடவில்லை. லவோனியா வியாழக்கிழமை திரும்பவும் போவதாகச் சொன்னாள். ஓசெல்லா அக்கா என் பக்கம் திரும்பினாள். பெயரை அடிக்கச் சொல்லப் போகிறாள் என்று நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கெழம இவ பக்கத்துல எடம் இருக்கா வெண்டெல்?"

போராடப் போகிறாளா, மகளைக் காவல் காக்கப் போகிறாளா என்று கேட்டேன். "எனக்கே தெரியலய்யா, நீ எழுது" என்றாள். பயிற்சி இல்லாமல் எழுத முடியாது என்றேன். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நிலவறையில் ஓசெல்லா அக்கா கைகளை மேடைமேல் வைத்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரி வேஷம் போட ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் லவோனியா எழுந்து போய்த் தாயின் பின்னால் நின்றாள். அவளுக்கு எல்லா வார்த்தையும் மனப்பாடம். வாயைத் திறந்தாள், மூடினாள். கை தாயின் முடிவரை போய்த் திரும்பி வந்தது. சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தவள் அப்படியே கீழே வைத்தாள். பிறகு சுற்றி வந்து, தாயின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

ஓசெல்லா அக்காவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி அழுதவர் பெயரை எழுதக் கூடாது. ஆனால் அவளை யாரும் திட்டவே இல்லையே?

"என்னய்யா முழிக்கிற? நான் பாஸா, ஃபெயிலா?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, லவோனியாவின் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன்.