சமையலறைப் பெட்டி பேசாத மாலைகள்

என் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அது தீரும்வரை வீட்டில் யாருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காது. பஸ் டிப்போவில் டிக்கெட் மிஷின் பழுது பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். காலை ஷிப்ட்தான், மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். எந்த மிஷினையும் தொடுமுன், அது எப்போது நின்றது, எந்த நிறுத்தத்தில் நின்றது என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதாமல் நோட்டை மூடமாட்டாள். "அணைச்சுப் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இந்தத் தெருவில் அவர் "பிரேக்" என்றால் அடுத்த தெருவில் போகிற வண்டி நிற்கும். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. அக்கா அவருக்கு உள்ளங்கை அளவில் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். மாடியில் அவர் அதில் எழுதி அனுப்பினால், கீழே சமையலறையில் ஒரு பெட்டி அதை வாசிக்கும், அக்கா இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் அளவுக்கு உரக்க. கண்டவர் அனுப்புவதையும் வாசிக்கக் கூடாதென்று ஒரு கட்டுப்பாடும் வைத்தாள். வீட்டு இன்டர்நெட் ரவுட்டரில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் 'மாஸ்டர்' என்ற பெயரில் பதிவான கருவி சொன்னால்தான் பெட்டி வாய் திறக்கும்.

போன வியாழக்கிழமை மாலை, நடந்துவிட்டு வந்த அத்தான் மாடிக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கருவியை அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறார். பெட்டி மூச்சு விடவில்லை. தரையைத் தட்டியதும் மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை. இருபது நிமிடம் ஈரத்தரையில் கிடந்தார். அடி பலமில்லை, இரண்டாம் நாளே நடக்கப் போய்விட்டார். ஆனால் அக்கா லீவு போட்டுவிட்டாள்.

"இது சரியாகலன்னா வேலைய விட்டுடுவேன்டி. இவரத் தனியா விட்டுட்டுப் போக முடியாது" என்றாள். டிப்போ இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒத்தாசைக்கு அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தால் 'மாஸ்டர்' பட்டியலில் சமர்த்தாக இருந்தது. சாயங்காலம் அதே கருவி பெயரில்லாமல் வெறும் எண்ணாக நின்றது. போனில் பேசிய இன்டர்நெட்காரர் புது ரவுட்டர் வாங்கச் சொன்னார். தலைவலிக்குத் தலையையே மாற்றச் சொல்கிறார் என்று முணுமுணுத்தபடி அக்கா போனை வைத்தாள்.

நோட்டு சொன்ன கணக்கு இது: நான்கு மணிவரை சரி, ஐந்துக்கு மேல் கோளாறு. நடுவில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். அத்தான் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பார்க்கைச் சுற்றி நடக்கப் போவார், திரும்பி வந்து போடுவார். அந்த நேரத்தில் அக்கா மாடியில் துணி மடிப்பாள், நான் கீழே டிவி பார்ப்பேன். ஒருநாள் அவரை நடக்க விடாமல் பிடித்து வைத்தோம். அன்று இரவுவரை பெட்டி ஓயாமல் பேசியது. நடைதான் குற்றவாளி என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அத்தான் நடந்துவிட்டு வந்ததும் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தோம். நான்தான் முதலில் பார்த்தேன். 'மாஸ்டர்' என்ற பெயர் அங்கேயே இருந்தது, எண்தான் வேறு. ஒரே பெயரை ரவுட்டர் இரண்டு பேருக்குக் கொடுக்காது, முந்தி வந்தவருக்குத்தான். அப்படியென்றால் அத்தான் வெளியே போயிருந்த நேரத்தில் வேறு ஏதோ ஒன்று அவர் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரே பரபரப்பு. வீட்டிலுள்ள ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

தேடலைப் பாதியில் விட்டறியாத அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாடிக்குப் போய், பீரோவிலிருந்து அத்தானின் பழைய போனை எடுத்து வந்தாள். அது உயிரோடு இருந்தது.

டிப்போவில் ஒரு மிஷின் கெட்டால், புது மிஷினுக்கு அதே பெயரை வைத்துவிட்டு, பழையதன் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்கள். வீட்டிலும் அக்கா பழைய போனின் பெயரைத்தான் புதுக் கருவிக்கு வைத்திருந்தாள். ஆனால் பழையதன் பேட்டரியைக் கழற்ற மனம் வராமல் அதை அணைத்து மட்டும் வைத்துவிட்டாள்.

"இதுல அவர் குரல் இருக்குடி" என்றாள். "பதினோரு மெசேஜ். லேட்டாகும், சாப்பிட்டுப் படுன்னு. அவர் நடக்கப் போனதும் தினம் கேப்பேன். கேட் சத்தம் கேட்டா அணைக்காம அப்படியே துணிக்கடியில தள்ளிடுவேன். படுக்கப் போறப்பதான் அணைப்பேன். காலையில அவர் கருவியப் போடுறப்ப பேரு திரும்ப அதுக்கே போயிடும். அவருக்குத் தெரிஞ்சா மனசு நோகும்னு சொல்லல." போனைத் திருப்பி வைத்துவிட்டு, "அவர் விழுந்தப்ப அந்தப் பேரைப் பிடிச்சு வெச்சிருந்தது நான்தான்" என்றாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய போனுக்கு வேறு பெயர் வைத்தாள். மாடிப்படி அடியில் போய் நின்று, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் மேலே இருந்தவரிடம் சொன்னாள். கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஏதாவது அனுப்பும்படி கேட்டாள்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பெட்டி, ரயில் வரும் நேரத்தை அறிவிக்கும் அதே தொனியில் வாசித்தது:

"எனக்குத் தெரியும். அதனாலதான் தினமும் ரெண்டு சுத்து கூட நடக்கிறேன். கேட்டையும் சத்தமா திறக்கிறேன்."

அக்கா நோட்டை எடுத்து, பெட்டி பேசிய நேரத்தைக் குறித்தாள். காரணம் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டு மூடினாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.