கைக்கு எட்டிய திருகு

எங்கள் அத்தானுக்குத் தெருவில் வைத்த பெயர் பம்பரம். என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்தது கிடையாது. மேஜை ஆடினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அதன் காலை முடுக்குவார். தொழில் ஜெனரேட்டர் ரிப்பேர். போன வருஷம் அக்கா காறை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவரோ கட்டிலுக்கு அடியில் படுத்து, கிறீச்சிட்ட சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் போட்ட சத்தத்தில் என் மானமே போயிற்று.

எலும்பு முறிந்ததே அக்காவும் அத்தானும் செய்த வண்டியால்தான். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, ஒரு பழைய காரின் இன்ஜினைப் பின்னால் பூட்டிய, மணல்மேடு ஏறும் பந்தயத்துக்கான வண்டி. தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே குளிரும் இன்ஜின். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். ஓட்டுவது அக்கா; குவாரியில் லாரி ஓட்டுகிறவள். போன வருஷப் பந்தயத்தில் மணல்மேட்டின் முக்கால் உயரத்தில் இன்ஜின் பொக்கென்று அணைந்தது. வண்டி பின்னால் சறுக்கிக் கவிழ்ந்தது.

"இன்னொரு தடவை பாதியில நின்னுச்சுன்னா நான் இதுல ஏறவே மாட்டேன். வித்துடுங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து அத்தான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அலைந்தார். ஷெட்டில் இன்ஜினுக்கு மேல்மூடியாக மாட்டும் சிலிண்டர் ஹெட் இரண்டு ஜோடி. ஒன்று பழையது, அதற்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் கார்புரேட்டர் ஒன்றே ஒன்று. இன்னொன்று புதுசு, பெரிய வால்வு, அகலமான துளை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். காலையில் அதை மாட்டுவார், சாயங்காலம் இதை மாட்டுவார். நான் தையல்காரன். என் கடையை அடைத்துவிட்டு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே இடுப்பு ஒடிந்தது.

"மாப்ள, பெருசு போட்டா பறக்கும்டா!"

"எனக்குப் பறக்க வேணாம், ஏறணும்" என்றாள் வேலை முடிந்து வந்த அக்கா. "இன்ஜின் வேகமா சுத்தினாத்தான் அந்தப் பெருசுக்கு உயிரே வரும். மணல்ல நான் ஊர்ந்துதானே ஏறணும்? பழசையே போடுங்க."

"பழசுதானே அணைஞ்சுது?"

"ஏன் அணைஞ்சுதுன்னு பாத்தீங்களா?"

"எத்தனையோ தடவை கழட்டி மாட்டிட்டேன். இங்க மணி மாதிரி ஓடுது!"

"இங்க தரை சமமா இருக்கு."

அக்கா பழைய ஹெட்டோடு இன்ஜினை ஓடவிட்டாள். ஷெட் கூரையில் தொங்கிய, இன்ஜினைத் தூக்குகிற சங்கிலியை வண்டியின் முன்கம்பியில் மாட்டி இழுத்தாள். வண்டியின் மூக்கு மேலே போனது. மேட்டின் சரிவு அளவுக்கு வந்ததும் இன்ஜின் இருமியது. பொக்கென்று அணைந்தது. அதே சத்தம்.

நான் டார்ச் அடித்தேன். கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் பின்பக்கம் பார்த்து இருந்தது. மூக்கு தூக்கினதும் கிண்ணம் தாழ்ந்து, இன்ஜின் உறிஞ்சும் துளை மேலே போய்விட்டது. பெட்ரோல் அதற்கு எட்டவில்லை.

"கிண்ணம் முன்னாடிதானே இருக்கணும்? ஏன் திருப்பி வெச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "அப்படி வெச்சா அட்ஜஸ்ட் பண்ற திருகு சீட்டுக்குப் பின்னாடி மாட்டிக்கும். என் கைக்கு எட்டாது."

நினைத்த நேரமெல்லாம் நோண்ட வசதியாக இருக்க வேண்டுமாம், அதற்காகத் திருப்பி வைத்தாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அக்கா திட்டவில்லை. காறை எலும்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அத்தான் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தார்.

"நான்தான் உன்னைத் தள்ளிவிட்டிருக்கேன்" என்றார். அழுதுவிட்டார்.

"எழுந்திரிங்க. திருப்பி மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். சங்கிலியில் தூக்கினோம். தூக்கின தூக்கிலேயே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பந்தயத்தன்று வண்டி கோட்டில் நின்றபோது அவர் கை பாக்கெட்டுக்குப் போயிற்று. அக்கா பார்த்துவிட்டாள். "ஏங்க, ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க." குழந்தை தன் மிட்டாயை மனசில்லாமல் கொடுப்பது போலக் கொடுத்தார். அவள் அதை இடுப்பு பெல்டில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மேட்டில் வண்டி ஊர்ந்தது. அத்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேட்டிலேயே வைத்தபடி, நான் கெட்டியாகத் தைத்த பொத்தானை வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று திருகிக்கொண்டிருந்தார். முக்கால் உயரம் வந்தது. இன்ஜின் சத்தம் கனத்தது, சக்கரம் மணலை வாரி இறைத்தது. அணையவில்லை. உச்சியில் போய் நிறுத்தி, அக்கா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

பொத்தான் அத்தான் கையோடு வந்துவிட்டது.

இன்ஜின் சத்தம் கீழே வரை கேட்டது. "அணைச்சுட்டு இறங்கச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாப்ள" என்றார் அத்தான், நின்ற இடத்தை விட்டு நகராமல். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."