நல்லா இருக்கேன் மேடம்

என் மனைவியின் தங்கையை வீட்டில் எல்லோரும் ஜட்ஜு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் வீட்டில் யாருக்குச் சண்டை வந்தாலும் இவள்தான் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வாளாம். நான் மாப்பிள்ளையாக வந்த புதிதில் எனக்கும் என் மனைவிக்கும் நடந்த முதல் சண்டையில், "தப்பு அக்கா மேலதான்" என்று பட்டென்று சொன்னாள். கூடப்பிறந்தவள் என்றும் பார்க்கவில்லை. அன்றைக்கே அவள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்போது அவள் காலேஜில் இரண்டாம் வருடம், கணக்குப் பாடம். அடுத்த வருடமே எல்லாம் தலைகீழாகப் போனது. முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் சாப்பாடு. ஒருநாள் காலேஜ் லைப்ரரியில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், வெளியே வரமாட்டேன் என்றாள். நான்தான் போனேன். நானும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். அதோடு படிப்பு நின்றது. ஆஸ்பத்திரி, மாத்திரை, கொஞ்சம் தேறுவது, மறுபடி ஆஸ்பத்திரி. மாமனாரும் மாமியாரும் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். இப்போது முப்பத்து நான்கு வயது.

அவளுக்கு அரசாங்கத்தில் மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. மனநிலை சரியில்லாததால் வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கொடுப்பது. அதை வாங்குவதற்கு நாங்கள் ஏறி இறங்கிய படிக்கட்டுகளை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கும், அதுவும் லிப்ட் மெக்கானிக்கான எனக்கு. என் சம்பளத்தில் வாடகையும் வயிறும் ஓடும். அவளுடைய மாத்திரையும் மாதாந்திர ஊசியும் அந்த உதவித்தொகையில்தான் ஓடுகின்றன. ஊசி நின்றால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டோம். ஜென்மத்துக்கும் போதும்.

இப்படி ஒருமாதிரியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சாயங்காலம் நான் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, பின்னால் வந்து நின்றாள்.

"அத்தான், நான் திரும்பக் காலேஜ் போகப்போறேன்."

"எந்தக் காலேஜ்?"

"அதே காலேஜ்தான். விட்ட எடத்துலேர்ந்து முடிக்கலாமாம். கேட்டுட்டேன்."

உள்ளே இருந்து என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜட்ஜு சிரித்துவிட்டாள். "ஆமாக்கா, சர்டிபிகேட்டே இருக்கே" என்றாள்.

நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எதுக்கு வம்பு, படிக்க முடிகிறது என்றால் வேலை செய்யவும் முடியும் என்று காசை நிறுத்திவிடுவார்கள், வீட்டிலேயே புத்தகம் வாங்கிப் படியேன் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "பதினஞ்சு வருஷமா நான் ஒண்ணையுமே முடிச்சதில்ல அத்தான்" என்றாள். சேர்த்துவிட்டேன்.

சேர்ப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. இவள் படிக்கத் தகுதியானவள் என்று டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும் என்றது காலேஜ். இவள் வேலைக்குத் தகுதியில்லாதவள் என்று அதே டாக்டர் வருடா வருடம் உதவித்தொகை ஆபீசுக்கும் எழுத வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் உண்மைதாங்க. ஆனா ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுத எவனும் எடம் விடல."

காலேஜில் பிள்ளைகள் முதல் வாரம் அவளை ஆன்ட்டி என்றார்கள், அப்புறம் அக்கா என்றார்கள். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்காருவாள். மூச்சு முட்டுவதுபோல் வந்தால் எழுந்து வெளியே போய் வராந்தாவில் நிற்பாள். கணக்கு வாத்தியார் நல்ல மனுஷன், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள். மறுநாள் முழுக்க எழுந்திருக்க மாட்டாள். மாத்திரை வேறு ஆளை அடித்துப் போட்டுவிடும். முகம் கழுவ எழுந்தவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பாள். நான் போய்க் குழாயை மூடிவிட்டு வருவேன். அடுத்த நாள் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பார்க்கிற எனக்கே அசதியாக இருக்கும்.

நான் பயந்தது நடந்தது. உதவித்தொகை ஆபீசிலிருந்து மறுபரிசீலனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார், எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். என் மனைவி அவரிடம் போய் யோசனை கேட்டாள். தலையை வாரக்கூடாது, கசங்கின துணிதான் போட வேண்டும், கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது, முக்கியமாக நாலு நாள் முன்னாலேயே மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் முகத்தில் நோயாளிக் 'களை' வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மாத்திரைய நிறுத்த மாட்டேன்" என்றாள் ஜட்ஜு. "அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை."

"காசு நின்னா பரீட்சை எழுதி என்னடி செய்வ?"

"மாத்திரை நின்னா காச வாங்கி என்னக்கா செய்வேன்?"

இந்த வழக்கில் என் மனைவிதான் தோற்றாள். ஆனால் ஒத்திகையை விடவில்லை. நான்தான் ஆபீசர். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதா? கூட்டத்துல போவீங்களா? சமைப்பீங்களா?" என்று அதட்டுவேன். அவள் மெதுவாக, தயங்கித் தயங்கிப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை சிரித்துவிட்டாள். "சிரிச்ச, போச்சு, காசு போச்சு" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது, அசதியில் வருகிற சிரிப்பு.

ஆபீசில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். துணி கசங்கியிருந்தது, தலை கலைந்திருந்தது, எல்லாம் சொன்னபடி. உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசரம்மாவுக்கு என் மனைவி வயதிருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வாங்க, உக்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

ஜட்ஜு நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கேன் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள்.

ஐயோ! அத்தனை கேள்விக்கும் ஒத்திகை பார்த்த நாங்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டோம். நன்றாக வளர்த்த பிள்ளை வேறென்ன சொல்லும்? சாகக் கிடந்தாலும் யாராவது கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதானே நாம் சொல்கிறோம். ஆபீசரம்மா, "நானும் நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு டைப் அடித்தார். என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள், ஏதோ நான் சொல்லிக் கொடுத்த மாதிரி.

அப்புறம் அவர் திரையைப் பார்த்துவிட்டு, "காலேஜ் போறீங்களாமே?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்று என் மனைவி முந்திக்கொண்டாள். "வீட்ல சும்மா இருக்காளேன்னு அனுப்புறோம். பொழுதுபோக்குக்கு. ஒண்ணும் ஏறாது."

ஜட்ஜு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம். அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

"பொழுதுபோக்கு இல்ல மேடம்" என்றாள். "படிக்கிறேன்."

"மூணு மணி நேரம் கிளாஸ்ல உக்கார முடியுதுன்னா, ஒரு வேலையில உக்கார முடியாதா?"

நியாயமான கேள்விதான். ஜட்ஜு தயங்கித்தான் ஆரம்பித்தாள். இது ஒத்திகைத் தயக்கம் இல்லை.

"கிளாஸ்ல உக்கார்றதுதான் உங்களுக்குத் தெரியுது மேடம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தெரியல. பஸ்ல யாராவது சிரிச்சா என்னப் பாத்துதான்னு தோணும், எறங்கிடுவேன். அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன். ஒருநாள் போனா மறுநாள் படுக்கைதான், அத்தான் வந்து கொழாய மூடுவார். கிளாஸ்ல தாங்க முடியலன்னா பாதியில எந்திரிச்சு வெளிய போயிடுவேன். எந்த ஆபீஸ்ல மேடம் இப்படி விடுவாங்க? உங்க ஆபீஸ்ல விடுவாங்களா?"

ஆபீசரம்மாவின் கை நின்றது. "விட மாட்டாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் படிக்கிறீங்க?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

"முடிக்கத்தான் மேடம்."

வரும் வழியில் பஸ்ஸில் அக்காவும் தங்கையும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் பரீட்சை எழுதினாள். எப்படி எழுதினாய் என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கும் பல நாள் கழித்து, ரிசல்ட் வருவதற்கு முன்பே ஆபீஸ் கடிதம் வந்துவிட்டது. என் மனைவி வாசலிலேயே பிரித்து, கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "தொடரும்னு போட்டிருக்குங்க! தொடரும்னு போட்டிருக்கு!" என்று கத்தினாள். அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேசாமல் இருந்ததெல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்தது.

ஜட்ஜு கடிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் படித்தேன். 'மனுதாரர் கல்லூரிப் படிப்பில் சேர்ந்திருப்பினும், அவரது நிலையைக் கருத்தில் கொள்ளும்போது, அப்படிப்பை நிறைவு செய்வதற்கான சாத்தியம் மிகக் குறைவு. எனவே உதவித்தொகை தொடரும்.'

அந்த அம்மா உதவி செய்யத்தான் அப்படி எழுதியிருப்பார். வேறு எப்படி எழுதினாலும் காசு நின்றிருக்கும். அது எனக்குப் புரிந்தது, ஜட்ஜுக்கும் புரிந்திருக்கும். கடிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலேஜ் நாள். எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. "விடுங்க, தூங்கட்டும். அதான் காசு வந்துருச்சே, இனிமே எதுக்கு அலையணும்?" என்றாள் என் மனைவி. அவள் கெட்டவள் இல்லை. பதினைந்து வருடம் தங்கையைத் தூக்கிச் சுமந்தவள், இறக்கிவைக்க ஓர் இடம் தேடுகிறாள். எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. காலேஜ் வேண்டாம் என்று முதலில் சொன்னவனே நான்தானே. ஆனால் திங்கட்கிழமை காலையில் டூல்ஸ் பையோடு செருப்பை மாட்டும்போது, எங்கிருந்தோ எனக்கு ஒரு கோபம் வந்தது. அவள் கதவைத் தட்டவில்லை, இடித்தேன்.

"ஏய் ஜட்ஜு! எந்திரி!"

"தலை வலிக்குது அத்தான்."

"வலிக்கட்டும். எந்திரி."

கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "மொதல் கிளாஸ் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"ரெண்டாவது இருக்குல்ல?"

"அவங்க எழுதினது சரியா இருந்தா என்ன பண்றது அத்தான்?"

"இருந்துட்டுப் போகுது. முடியலன்னா வந்து படு, யாரு வேணாம்னா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, நான் இத்தனை நாள் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"முடிச்சிட்டேன்னா? காசு நின்னுடும் அத்தான். ஊசிக்கு எங்க போறது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு வழி எனக்கு அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

"நின்னா நிக்கட்டும்" என்றேன். "நீ முடி."

அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் பொய் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல. பிறகு குளிக்கப் போனாள். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் வேலைக்கு லேட்டாகிறது என்று தெரிந்தும் பையை இறக்காமல் அங்கேயே நின்றேன். கடைசியில் அவளே குழாயை மூடினாள்.