வால்வு செட்டும் டேனரி நாற்றமும்

எங்கள் தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரி. ஆம்பூரில் இந்த மாதிரித் தெருக்களில் நாற்றம் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தும். அன்று மத்தியானம் ரேடியோவைப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் செட்டில் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்ட மீன் போல ஒரு வாடை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்தினாள்.

"யக்கா, டேனரிக்காரன் கழிவுத் தண்ணி தொறந்துட்டான், சாத்து சாத்து!"

சாத்தினேன். சாத்தச் சாத்த நாற்றம் ஜாஸ்தியானது. திரும்பிப் பார்த்தால் செட்டின் முதுகில் புகை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்கு மைக் கட்டப் போன காலத்தில் வாங்கிய செட் அது. அவர் ஞாபகத்துக்காக நான் அதை வைத்திருக்கவில்லை. ஷூ கம்பெனித் தையல் மெஷின் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. போனில் வரும் பாட்டு கொசு கத்துவதுபோல இருக்கும். இந்தச் செட்டில்தான் எனக்கு வார்த்தை புரியும்.

சாயந்திரம் மகன் வந்ததும் சொன்னேன்.

"வூட்டையே கொளுத்தப் பாத்தியாம்மா? ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன் வருவான், போட்டுடலாம். சின்ன ஸ்பீக்கரு வாங்கித் தர்றேன்."

"சரிப்பா" என்றேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வெளி ஆள் வந்தாலே சமையலறைக்குள் போய்விடுகிறவள். ஆனால் சொல்லி முடித்ததும் கோபம் வந்தது. காது யாருடையது?

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் செட்டைப் பழைய புடவையில் மூட்டை கட்டினேன். ஆட்டோக்காரர் தூக்கி வேலூர் பஸ்ஸில் வைத்தார்.

"இன்னா ஆயா, அம்மிக்கல்லா?" என்றார் கண்டக்டர்.

"பாட்டுப்பா" என்றேன்.

வேலூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் செட்டைக் கவிழ்த்துக் காட்டினார். வால்வுகளுக்கு ஒன்றுமில்லை. அடியில் கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கண்டன்சர்கள் காய்ந்து கிடந்தன. ஒன்று உப்பி வெடித்துக் கசிந்திருந்தது.

"இது ஒண்ண மாத்துனா பத்தாது, ஆயா. எல்லாம் ஒரே வயசு. இன்னிக்கு இது, நாளைக்கு அது. மொத்தமா மாத்தணும். அப்பவும் கேரண்டி சொல்ல மாட்டேன்."

"எனக்கு மட்டும் யாரு சொன்னா? மாத்துங்க."

அன்று சாயந்திரம் மகன் வருவதற்குள் ரிப்பேரான செட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் உள்ளே வந்தபோது செட் பாடிக்கொண்டிருந்தது. அவர் அதன் மேல் கை வைத்தார். நான் சமையலறைக்குப் போகவில்லை. செட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இது போவாது."

பாட்டையும் மீறிக் கேட்டது என் குரல். மகன் முகம் சிவந்தது.

"மறுபடி வெடிச்சா இன்னாம்மா பண்ணுவ?"

"மறுபடி மாத்துவேன். நான் பக்கத்துல இல்லாதப்ப போட மாட்டேன். அவ்ளோதான்."

பழைய இரும்புக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பழைய பேப்பராச்சும் இருக்கா, சார்?"

மகன் பேப்பர் கட்டை எடுத்துக் கொடுத்தான்.

இப்போதும் நாற்றம் வந்தால் தெரு முழுக்க ஜன்னல் சாத்துகிறார்கள். நான் சாத்துவதில்லை. முதலில் செட்டின் முதுகை மோந்து பார்க்கிறேன். அங்கே ஒன்றுமில்லை, டேனரிதான் என்று தெரிந்ததும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.