பாட்டைக் கெடுத்த குரல்

என் அண்ணிக்கு வெண்கலத் தொண்டை. கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. முதலில் மைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் கதவோரம் நின்று ஒரு பெயரைச் சொன்னால், தெருமுனையில் சிகரெட் பிடிக்கிறவன் அதைப் போட்டுவிட்டு ஓடி வருவான். "கண்ணு தெரியாதவங்களைக் கூப்பிடச் சொன்னா, காதும் கேக்காதுன்னு நினைச்சுட்டியா?" என்று டாக்டர் கேலி செய்வாராம்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு சின்னத் துளை, மூச்சு போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். வாய் அசையும், சத்தம் வராது. என் அண்ணன் அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டான். கீழ்வீட்டில் அவள் தனி, மாடியில் நான் தனி.

அவள் மகன் வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டான். "அம்மா, வழுக்கி விழுந்தாக்கூட உன்னால கத்த முடியாது. பேசாம என்கூட வந்துடு, வீட்டை வித்துடலாம்" என்றான். பேசாமல் வா என்று யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! அண்ணி தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் ஆபத்துக்குக் கூப்பிட ஒரு வழி செய்துவைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த வீட்டை விட்டுப் போனால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். அண்ணி எனக்கு வைத்த பெயர் விசிலு. அந்தப் பெருமையில் என் பழைய விசிலை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் கழுத்துத் துளையைத் தொட்டுக் காட்டினாள். வாய்க்குக் காற்றே வராதவள் எதை ஊதுவாள்? புத்தி கெட்டவள் நான். பிறகு கைமணி வாங்கினோம். ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, நான் என்ன மாடா என்பதுபோல் முறைத்துத் தூக்கிப் போட்டாள். தட்டச்சு செய்வதை வாசித்துச் சொல்லும் ஒன்றை மகன் அவளுடைய போனில் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் பேசிய பெண்பிள்ளை யாரோ, என்னை விசிலு என்று கூப்பிட அவளுக்கு என்ன உரிமை? அண்ணிக்கும் அது பிடிக்கவில்லை. தட்டச்சு செய்து என்னிடம் காட்டுவாள், சத்தத்தை அணைத்துவிட்டு.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் கீழிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "யாரு? வர்றேன், வர்றேன்!" அதே வெண்கலம், ஆனால் இளசு. அடுத்த நொடி, "ஷ்!" என்று அண்ணன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். கூடத்தில் அண்ணி அண்ணனுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஸ்பீக்கரில் ஏதோ பழைய பாட்டின் புல்லாங்குழல் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அண்ணன் பாட்டுப் பைத்தியம். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு எதிரே மைக்கை வைத்து டேப்பில் பாட்டுப் பிடிப்பான். அப்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. அண்ணியால் ஆகிற காரியமா? பாதிப் பாட்டில் வாசலைப் பார்த்துக் கத்துவாள், மாடியைப் பார்த்துக் கத்துவாள், கொதிக்கும் பாலைப் பார்த்துக்கூடக் கத்துவாள். அண்ணன் உடனே "ஷ்!" என்பான். பாட்டு கெட்டுவிடும். அதே பாட்டு இன்னொரு நாள் வந்தால் மறுபடி பிடிப்பான், அவளும் மறுபடி கெடுப்பாள். அவர்கள் குடித்தனத்தில் நடந்த முக்கால்வாசிச் சண்டை இதுதான். உடைந்த குடைக்கம்பியைக்கூடத் தூக்கிப் போட மனம் வராதவன் அண்ணன். பிற்பாடு டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது கெட்டுப்போனதையும் சேர்த்தே ஏற்றிவிட்டான்.

அண்ணி போனில் தட்டச்சு செய்து காட்டினாள்: "விசிலு, நான் இதுக்குள்ள இருக்கேன்டி."

மறுநாளே கம்ப்யூட்டர் கடைப் பெண்ணை அழைத்துவந்தோம். வேண்டிய வார்த்தையை வேண்டிய நொடியில் ஒலிக்கவைக்க ஒரு மென்பொருள் வேண்டும். முதலில் அவள் போட்டது பார்க்க ஜோராக இருந்தது. பாட்டுக்குப் பாட்டு தானே படம் தேடி ஒட்டியது, பெயரைத் திருத்தியது. பிறகு, ஒரே பாட்டு நாலு தரம் இருக்கிறதே என்று மூன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டது. அண்ணி எழுந்து நின்று மேசையை அறைந்தாள். நல்லவேளை, குப்பையிலிருந்து மீட்க முடிந்தது.

இரண்டாவது இன்னும் கெட்டிக்காரத்தனம். இரைச்சலைத் துடைத்து, பாட்டைப் பளிச்சென்று ஆக்கித் தரும். அது துடைத்த பாட்டில் அண்ணி கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள். அண்ணன் இல்லவே இல்லை. அவனுடைய "ஷ்" அதற்கு வெறும் இரைச்சல். அதைக் கேட்டபோது அவன் இரண்டாம் முறை செத்ததுபோல இருந்தது எனக்கு. அண்ணி திரையைப் பார்த்தபடியே விரலை ஆட்டினாள். வேண்டாம்.

"அப்ப இதுதான் இருக்கு. பழசு, பாக்கவும் நல்லா இருக்காது. நீங்க பாட்டுக்குள்ள எந்த இடத்துல அடையாளம் வச்சு எந்தப் பட்டனோட சேக்கிறீங்களோ, அந்தப் பட்டனை அமுக்கினாத்தான் பாடும். தானா ஒண்ணும் பண்ணாதும்மா இது" என்றாள் கடைப் பெண், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அண்ணியின் முகம் மலர்ந்தது. அதுவேதான் அவள் கேட்டது.

பிறகு பல நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கெட்டுப்போன பாட்டுகளைக் கேட்டோம். "யாரு?" கிடைத்தது. "வேணாம் போ", "உள்ள வாங்க", "இருங்க, கையெல்லாம் ஈரம்" எல்லாம் கிடைத்தன. காகிதத் துண்டில் எழுதி விசைகளில் ஒட்டினோம். முக்கியமானது, என்னைக் கூப்பிடுவது. ஒரு தரம் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு வீடெல்லாம் வெள்ளமான அன்று அவள் போட்ட கூப்பாடு அகப்பட்டது: "விசிலு, கீழ வாடி, சீக்கிரம்!" உடனே அண்ணனின் "ஷ்!" முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஷ் சொன்ன மகானுபாவன் அவன். வார்த்தையோடு நிறுத்திவிடவா என்று கடைப் பெண் கேட்டாள். "ஷ்" வரைக்கும் வேண்டும் என்று அண்ணி கைகாட்டினாள்.

அதன்பின் அந்த வீட்டுக்குள் போவதற்கே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கதவைத் தட்டினால் முதலில் இரண்டு வாத்தியம் கேட்கும், பிறகு ஒரு இளம்பெண் "யாரு?" என்பாள், பிறகு ஒரு ஆண் அவளை அடக்குவான். கதவைத் திறந்தால் நரைத்த தலையோடு இவள் மட்டும் நிற்பாள். பார்சல் கொண்டுவந்தவன் அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்க மறந்து போனான். அண்ணி விசையை அமுக்கும்போதே வாயையும் சரியாக அசைக்கப் பழகிக்கொண்டாள். சில சமயம் குரல் ஒரு இமைப்பொழுது பிந்தி வரும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். "ஷ்" கேட்கும்போது மட்டும் நாங்கள் இரண்டு பேரும், சொல்லி வைத்தாற்போல், அண்ணனுடைய காலி நாற்காலியைத் திரும்பிப் பார்ப்போம்.

குரல் திரும்பக் கிடைத்ததும் அண்ணி பழைய அண்ணி ஆகிவிட்டாள். எடுத்ததற்கெல்லாம் "விசிலு, கீழ வாடி, சீக்கிரம்!" விழுந்தடித்து ஓடினால், நூல் கோக்க வேண்டுமாம். இன்னொரு நாள் ஜன்னலில் பல்லியாம். புலி வருது கதைதான். நானும் சலித்துப்போய், கூப்பிட்டால் போகட்டும் என்று நிதானமாக இறங்க ஆரம்பித்தேன். சில நாள் இறங்கவே மாட்டேன்.

அன்றைக்கு மதியம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே புல்லாங்குழல் கொஞ்சம், பிறகு, "விசிலு, கீழ வாடி, சீக்கிரம்!"

"இருங்க அண்ணி, கையில வேலை இருக்கு" என்று அங்கிருந்தே கத்திவிட்டு அடுத்த துணியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. ஏதோ பாக்கி இருந்தது. படி ஏறி வருகிறவர் கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிட்டதுபோல. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "ஷ்" வரவில்லை.

அதற்காகத்தான் இறங்கினேன். கூப்பிட்டதற்காக அல்ல, அடக்காததற்காக.

கூடத்தில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் திரை வெளிச்சமாக இருந்தது, பாட்டு எதுவும் ஓடவில்லை. பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துணி துவைக்கிற இடத்தில் அண்ணி வழுக்கி விழுந்து ஒருக்களித்துக் கிடந்தாள். கால் மடங்கியிருந்தது. குழாய் திறந்தபடி, சாக்கடைத் துளையை ஒரு துணி அடைத்துக்கொண்டிருக்க, தண்ணீர் தேங்கி ஏறிக்கொண்டே வந்தது. கழுத்துத் துளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருக்கும். தலையைத் தூக்கித் தூக்கி அவளுக்கு ஓய்ந்துவிட்டது. கண் மட்டும் என்னைப் பார்த்து விரிந்தது. நான் ஒரு துணியை மடித்து முடிக்கும் நேரம் தாமதித்திருந்தால், அவள் இல்லை.

இடுப்பு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகனும் வந்திருந்தான். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

"ஷஃபிள்ல ஓடியிருக்கும் அத்தை. தற்செயலா அந்தப் பாட்டு வந்திருக்கும்."

"அது தானா பாடாதுங்க" என்றாள், கூட இருந்த கடைப் பெண். "அதுக்குத்தானே அதைப் போட்டோம்."

"அப்ப 'ஷ்' வந்திருக்கும், உங்க காதுல விழுந்திருக்காது."

"டேய், என் காதுக்கு ஒண்ணும் ஆகலை" என்று சீறினேன். அவனே போய் அந்த விசையை அமுக்கினான். புல்லாங்குழல். "விசிலு, கீழ வாடி, சீக்கிரம்!" நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"ஷ்!"

இருந்தது. எப்போதும்போல அதே இடத்தில், அதே எரிச்சலோடு இருந்தது. மகன் மறுபடி அமுக்கினான். மறுபடியும் "ஷ்!" அதற்கப்புறம் அவன் வீட்டை விற்பது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அண்ணி படுக்கையிலிருந்து கை நீட்டிப் போனைக் கேட்டாள். மெதுவாகத் தட்டச்சு செய்தாள். என்னிடம்தான் காட்டினாள்.

"குடித்தனம் பண்ணின காலம் பூரா ஒரு வார்த்தை பேச விட்டதில்லை உங்க அண்ணன். அன்னிக்குத்தான் குறுக்க வராம இருந்திருக்காரு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் எதிரில் அழப் பிடிக்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போய், குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.