இடது தோளில் இருந்த ஓட்டை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் 'உடைந்தது' வேறு, 'அடிபட்டது' வேறு. சூளைக்குப் போகும் முன்னால் மூக்கு நசுங்கிய பிள்ளையார், விளிம்பு பெயர்ந்த ஜாடி, பலகையில் உரசிக் காது போன யானை, இதெல்லாம் அடிபட்டது. உடைந்தது சாலையோரக் குவியலுக்குப் போகும். அடிபட்டது அம்சவல்லியின் மேஜைக்கு வரும். இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு பொம்மைக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறாள். "அம்சா, அடிபட்டது" என்று யார் சொன்னாலும் அவள் கை தானாக ஈர ஸ்பாஞ்சைத் தேடும். அது யாருடைய பொருள், எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் கை விசாரிக்காது. நடந்த கூத்து முழுக்க அந்தக் கையால் வந்ததுதான்.

அவளுக்கு ஒரே மகள், சண்முகப்ரியா. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை நந்தகுமாருக்கு நல்லூர்ப் பக்கம் ஊர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. முப்பத்தோரு வயதுப் பையன்தான், ஆனாலும் இங்கே 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவன்' என்று சொன்னால் அம்சவல்லிக்குக் கோபம் வரும்.

கோபம் வருவதில் நியாயமும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ப்ரியாவுக்கு ஏழு மாதம் முடிந்த கையோடு வலி எடுத்துவிட்டது. பிறந்த பெண் குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா, குழந்தையைத் தினமும் நாலு மணி நேரமாவது வெறும் மார்போடு மார்பாக அணைத்து வைத்திருக்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். ப்ரியாவுக்கு ஆபரேஷன் பண்ணிய வயிறு, நிமிர்ந்து உட்கார முடியாது. மாப்பிள்ளை ஆபீசில் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

தினமும் விடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். அம்சவல்லியின் பழைய பருத்திப் புடவையால் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்வார். நாலு மணி நேரம், அசையாமல், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு. பார்க்கிற தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பானுமதி, அவளும் அதே கம்பெனிதான், ஒரு நாள் வாசலில் நின்று கேட்டே விட்டாள்.

"ஏண்டி அம்சா, ஒம் மாப்ள இன்னா அட காக்குறாரா?"

"ஆமா. நீ ஒன் வூட்டுக்காரர ஒரே ஒரு நாளு காக்கச் சொல்லு, பாப்பம்."



அம்சவல்லிக்கு அந்த மனுஷர்மேல் இருந்த நன்றிக்கு அளவில்லை. ஆனால் சொல்வது எப்படி? மாப்பிள்ளையிடம் அவள் நேராகப் பேசியதெல்லாம் மூன்றே வார்த்தை. வாங்க, சாப்டுங்க, போயிட்டு வாங்க. மற்றதெல்லாம் ப்ரியா வழியாகத்தான். அவர் நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார், இவள் கதவுக்குப் பின்னால் நின்று "காப்பி வேணுமான்னு கேளுடி" என்பாள். அவர் "போதும்னு சொல்லு" என்பார். நன்றியை நாட்டுக்கோழிக் குழம்பில் போட்டுப் பரிமாறிப் பார்த்தாள். அதற்கும் ஓர் அளவு உண்டே, மனுஷருக்கு வயிறு ஒன்றுதானே.

சாயங்காலம் ஆபீஸ் வேலை முடிந்ததும் அவர் கூடத்து மேஜையில் வேறொரு வேலை எடுத்து வைப்பார். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று கூரியரில் வந்திருந்தது. மேலே படம்: பளிச்சென்ற வெள்ளையில் ஒரு ராட்சச ரோபோ. உள்ளே தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றையும் சின்ன வெட்டுக்குறட்டால் நறுக்கி, ஒட்டு வரி தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துவார். ஒன்றரை அடி உயரம் வந்தது. மாப்பிள்ளைக்கு இது என்ன பிள்ளை விளையாட்டு என்று ஆரம்பத்தில் அம்சவல்லிக்குத் தோன்றியது உண்மைதான். அவர் அந்த ஒட்டு வரியை நகத்தால் தடவிப் பார்த்துத் திரும்பத் தேய்த்ததைக் கண்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. நம்ம வேலைதான் இது, ஆள் சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒடஞ்ச பீங்கான் துண்டு கொஞ்சம் கெடைக்குமான்னு கேக்குறாரும்மா" என்றாள் ப்ரியா ஒரு நாள். கொஞ்சம் என்ன, அரைச் சாக்கு கொண்டுவந்தாள், அதையும் கழுவிக் காயவைத்து. அவர் அதை ஒரு பலகைமேல் அடுக்கி, இடிந்த ஊர் ஒன்றைச் செய்து, நடுவில் ரோபோவை முழங்காலிட்டு நிறுத்தினார். அதற்குள் நவராத்திரி சீசன் வந்துவிட்டது. கொலு பொம்மை ஆர்டர், தினமும் ஓவர்டைம். மூன்று வாரம் அம்சவல்லி வீட்டுக்கு வந்தது படுக்கத்தான். மேஜைமேல் ஒரு துணி மூடியிருந்தது, அதன் அடியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை பேட்டை முழுக்கப் பராமரிப்புக் கரண்ட் கட், கம்பெனி லீவு. மாப்பிள்ளை முந்தின நாள் ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தார், சனிக்கிழமை காலை வருவார். கூடத்தைப் பெருக்கும்போது அம்சவல்லி துணியைத் தூக்கினாள்.  வெள்ளை ரோபோ கரி பிடித்துக் கிடந்தது. காலெல்லாம் பொத்தல், மார்பில் கீறல், வலக்கை கழன்று கீழே விழுந்திருந்தது. இடது தோளில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் ஓட்டை.

"எம்மாடி, இன்னாடி இது இப்டி இருக்குது?"

உள்ளே ப்ரியா குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அரைத்தூக்கத்தில் இருந்தாள். "அது அடிபட்டதும்மா. ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரி எக்சிபிசன்ல வைக்கணுமாம்."

அடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். இன்று வெள்ளி. அம்சவல்லிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, அதாவது எல்லாமே தப்பாக விளங்கிவிட்டது. எலி கடித்திருக்கும், பூனை தள்ளிவிட்டிருக்கும், சாமி விளக்கில் கரியும் பிடித்திருக்கும். பாவம், கைக்குழந்தையோடு அல்லாடுகிற மனுஷருக்குச் சரிபண்ண எங்கே நேரம்? சாமி பார்த்துக் கொடுத்த நாள்தான் இது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். அவர் மேஜையிலேயே ட்யூபில் ஓட்டை அடைக்கிற பட்டி இருந்தது. மோந்து பார்த்து, நகத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுச் சோதித்தாள். மொத்தம் பத்தொன்பது ஓட்டை. ரம்பத்தகடு ஒன்றைத் தீட்டி அவளே செய்துகொண்ட சுரண்டி, எப்போதும் பையில் கிடக்கும். அதால் நிரப்பி, காயவைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். கரியெல்லாம் தின்னர் நனைத்த துணிக்கு வழிவிட்டது. கழன்ற கையை ஒட்டினாள். இடது தோளுக்கு மட்டும் மூன்று பூச்சு. பானையின் வயிறு மாதிரி வழவழப்பாகத் திரும்புகிற இடம் அது, அவசரப்பட்டால் மேடு காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் அவருடைய பெயிண்டையே எடுத்துத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஐந்து மணிக்கு நிமிர்ந்தபோது பெட்டிமேல் இருந்த படமும் பொம்மையும் ஒன்றாக இருந்தன. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்த வருஷத்தில் குழந்தை வீடு வந்த அன்று மட்டும்தான் வந்திருந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை ரயிலிறங்கி வந்தார். கை கால் கழுவி, குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, மேஜைக்குப் போய்த் துணியை எடுத்தார். அம்சவல்லி சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவர் முகத்துக்காகக் காத்து நின்றாள்.

ஒட்டியிருந்த வலக்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பொதுவாகக் கேட்டார். "யாரு செஞ்சது இது?"

"நாந்தான்னு சொல்லுடி" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

வெளியே வந்த ப்ரியா, பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்மா, அது சண்டையில அடிபட்டதும்மா. சண்டையில அடிபட்ட மாரி அவரே செஞ்சது. ஒவ்வொரு ஓட்டையா சூடு வச்சி வச்சி, பெயிண்டு அடிச்சி. நாலு மாசமா இதான வேல அவருக்கு."

"சரி, உடு ப்ரியா" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துப் பக்கம் போய், துவைகல் அருகே முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

திட்டியிருந்தால்கூட அம்சவல்லி தாங்கியிருப்பாள். அந்த முதுகைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. உலகத்தில் ஒரே ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்து, அவர் நாலு மாத உழைப்பை ஒரே பகலில் துடைத்து வைத்திருக்கிறாள். இனி இந்த வீட்டில் அவர் கை நனைப்பாரா? மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது? இதையெல்லாம் ப்ரியா வழியாகச் சொல்லி அனுப்ப முடியாது. அவளே தோட்டத்துக்குப் போனாள்.

"மாப்ள."

அவர் திரும்பினார்.

"எங்க வேலையில அடிபட்டதுன்னா நாந்தாங்க சரி பண்ணணும். அதுக்கு வேற அர்த்தம் எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்ணுக்கும் பேத்திக்கும் நீங்க செஞ்சத எந்த ஆம்பளையும் செஞ்சி நான் பாத்ததில்ல. அதுக்கு நான் இன்னா செய்யிறதுன்னு தெரியாம கெடந்தேன். கைக்கு எட்டுனது இது ஒண்ணுதாங்க. தப்பா போச்சி, மன்னிச்சிக்குங்க. ஓட்ட எங்கெங்க இருந்திச்சின்னு எனக்குத் தெரியும். நானே திரும்பப் போட்டுத் தரேங்க."

இவ்வளவு நீளமாக மாமியார் பேசி அவர் கேட்டதே இல்லை.  முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாங்கத்த, பாப்பம். இன்னும் ஒரு நாளு இருக்குதே" என்றார்.

இருவரும் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவர் போனில் பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கைத்துளைப்பானை எடுத்தார். காலில் இருந்த ஓட்டைகள் சுலபமாகக் கிடைத்தன, பள்ளமும் வரப்புமான இடம் என்பதால் அடையாளம் இருந்தது. மார்பின் கீறலும் கிடைத்தது. ஒட்டிய கையைக் கத்தியால் நெம்பிக் கழற்றினார். வெட்டுப்பட்ட இடத்தில் கரி எப்படிப் படிய வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தூரிகையால் வைத்தாள். மத்தியானத்துக்குள் வலப்பக்கம் முழுக்கப் போர்க்களம் திரும்பி வந்துவிட்டது.

இடது தோளுக்கு வந்தார். படத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். விரலால் தடவினார். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"அத்த, இங்கதான இருந்திச்சி? எங்க?"

அம்சவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தன் கை வைத்த இடம், மூன்று பூச்சு பூசிய இடம். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலீங்களே மாப்ள."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "ப்ரியா, இங்க வாயேன். அத்த அடச்ச ஓட்டைய அத்தைக்கே தெரியலயாம்." பிறகு துளைப்பானைக் கீழே வைத்துவிட்டார். "ஆறு வருஷமா செய்யிறேங்க, எனக்கு இந்தச் சுத்தம் ஒரு தடவகூட வந்ததில்ல. இதுல நான் கை வைக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்து எல்லோருமாகப் பாண்டிச்சேரி போனார்கள். அம்சவல்லி வரவில்லை என்றுதான் சொன்னாள், அவர் கேட்கவில்லை. மண்டபத்தில் கப்பலும் டாங்கியும் ரோபோவுமாக முப்பது நாற்பது மேஜை. இப்படிப் பொம்மை செய்கிறவர்களின் குழுவை நடத்துகிற வளவன் என்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இவர்கள் மேஜைக்கு வந்தார். பீங்கான் இடிபாட்டை மெச்சினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"வலது பக்கம் சண்டை நல்லாத் தெரியுது நந்தா. இடது தோளு ஏன் புதுசாட்டம் இருக்குது?"

"அங்கயும் அடிபட்டிருந்துச்சிங்க சார். இதோ பாருங்க போட்டோ, இவ்ளோ பெரிய ஓட்ட. எங்கத்த அடச்சிட்டாங்க. எடத்தக் கண்டுபுடிங்க பாப்பம்."

வளவன் சிரித்துக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அதைப் பார்த்து அடுத்த மேஜைக்காரர் வந்தார், அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஒரு தாடிக்காரர். ஆளுக்கொரு டார்ச்சு.

அம்சவல்லி குழந்தையோடு சுவரோரம் நின்றிருந்தாள். ஃபினிஷிங் வேலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் திட்டு, தெரியாவிட்டால் ஒன்றுமில்லை. பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்களைப் பற்றிக் கடைக்காரர்கள் கேட்பார்கள், பேர்கூடச் சொல்வார்கள். ஒட்டு எங்கே போச்சு, பொத்தல் எங்கே போச்சு என்று யாரும் ஒரு பொம்மையையும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஏழெட்டுப் பேர் அவள் வேலையைத் தேடுகிறார்கள். தேட வைத்தவர் மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அம்சவல்லிக்குக் கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையிலும் குழந்தை இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை, துடைக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

குனிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்து, இடம் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.